குடிநீர் வரி அட்டையில் உங்கள் வீடு எந்த வகை? சென்னைக் குடிநீர் வாரியத்தின் வகைப்பாட்டைப் படித்துச் சரிபார்க்கும் முறை

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களிடம் குடிநீர் வாரியத்துக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டால் தொகையை உடனே சொல்லிவிடுவார்கள். உங்கள் வீடு அங்கே எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிப்பார்கள். எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாரின் அட்டைகளையும் ரசீதுகளையும் வாங்கிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். தொகை கூடுதலாக வருகிறது என்று வருபவர்களின் சிக்கல் பல நேரங்களில் தண்ணீரின் அளவிலோ கட்டண விகிதத்திலோ இருப்பதில்லை. வீட்டின் இன்றைய பயன்பாடும் பதிவேட்டில் உள்ள வகையும் பொருந்தாமல் இருப்பதே காரணமாக இருக்கிறது. ஆகையால் வகையை முதலில் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

இது சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் நுகர்வோருக்கானது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த வாரியம், அதுவரை மாநகராட்சியின் கையில் இருந்த குடிநீர், கழிவுநீர் ஆகிய இரு பணிகளையும் எடுத்துக்கொண்டது. மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் விதிகள் வேறு என்பதால், இதில் உள்ளவற்றை மதுரைக்கோ கோவைக்கோ அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாற்றி அமைக்கப்படுவதால், ரூபாய்க் கணக்கை வாரியத்தின் இணையதளத்தில் உள்ள அன்றைய பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். வகைகளின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இங்கே அதைத்தான் விளக்குகிறேன்.

வரி வேறு, கட்டணம் வேறு

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "குடிநீர் வரி" என்றே சொல்லிவிடுகிறோம். வாரியத்தின் கணக்கில் அவை இரண்டு தனித்தனி இனங்கள். குடிநீர் மற்றும் கழிவுநீரகற்று வரி என்பது உங்கள் கட்டடத்தின் ஆண்டு மதிப்பின் மேல், அதாவது ஓராண்டில் அதற்குக் கிடைக்கக்கூடிய வாடகையை வைத்துக் கணக்கிடும் மதிப்பின் மேல் விதிக்கப்படுவது. குடிநீர்க் கட்டணமும் கழிவுநீரகற்றுக் கட்டணமும் நீங்கள் பெறும் சேவைக்காக வசூலிக்கப்படுபவை. ரசீதைக் கையில் எடுத்ததும் இவ்விரண்டும் எந்தெந்த வரிசையில் இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரியின் விகிதம் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 2,100 ரூபாய். அதை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்றும், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்றுமாக இரண்டு அரையாண்டுகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1,050 ரூபாய் வரும். இந்த ஆண்டு மதிப்பை நிர்ணயிப்பது மாநகராட்சி. சொத்து வரிக்கு எது அடிப்படையோ அதுவேதான் இதற்கும் அடிப்படை. ஆகவே ஆண்டு மதிப்பே தவறு என்று தோன்றினால், மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவுக்குப் போய் அங்கே திருத்தம் பெற வேண்டும். குடிநீர் வாரியத்தின் உள்ளூர் அலுவலகமான பணிமனையில் மணிக்கணக்காக நின்று வாதாடினாலும் அந்த எண்ணை அவர்களால் மாற்ற முடியாது. வயதானவர்கள் பலர் இந்த ஒரு விவரம் தெரியாமல் இரண்டு மூன்று முறை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாரியத்தின் சேவை உள்ள இடத்தில் இணைப்பே வாங்காத வீட்டுக்கும் வரி உண்டு. "எங்கள் வீட்டில் போர்தான், அவர்கள் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வாங்குவதில்லை, பிறகு ஏன் வரி?" என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் தவறாமல் எழும். வரி கட்டடத்தைப் பொறுத்தது, கட்டணம் சேவையைப் பொறுத்தது என்று பிரித்துச் சொன்னால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உரிய காலத்தில் கட்டாத தொகைக்கு மாதந்தோறும் மேல்வரி சேர்கிறது. நிலுவை வைத்திருப்பவர்கள் வகைத் திருத்தம் வரும் வரை காத்திருக்கலாம் என்று நினைத்துக் கட்டாமல் விட வேண்டாம். தொகையைக் கட்டிவிட்டு, திருத்தம் கேட்பதே நல்லது.

மூன்றாவதாக, ஒரு முறை மட்டும் கட்டுபவை உண்டு: இணைப்புக் கட்டணம், குழாய் பதிக்கச் சாலையை வெட்டுவதற்கான கட்டணம் போன்றவை. இவை புது இணைப்பின்போது மட்டும் வருபவை என்பதால் இங்கே விரிவாகப் பேசவில்லை. வீட்டு உபயோகத்துக்கும் வணிக உபயோகத்துக்கும் இணைப்புக் கட்டணத்திலும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் எதைப் பார்ப்பது

ஒவ்வொரு நுகர்வோருக்கும் ஓர் எண் உண்டு. அது பகுதி எண், வட்ட எண், பில் எண், துணை எண் என்று துண்டு துண்டாக இருக்கும். வாரியத்தின் நிர்வாகம் 15 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது; பகுதி அலுவலகத்தின் கீழ் பணிமனைகள் இருக்கின்றன. எண்ணின் முதல் இரு துண்டுகளைப் பார்த்தாலே நீங்கள் எந்தப் பகுதி அலுவலகத்துக்கு உட்பட்டவர் என்பது தெரிந்துவிடும். துணை எண்ணை யாரும் கவனிப்பதில்லை. ஒரே மனையில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடுகளிலும், ஒரே கட்டடத்தில் பல உரிமையாளர்கள் இருக்கும் இடங்களிலும் அந்தத் துணை எண்ணில்தான் வேறுபாடு இருக்கும். அண்ணன் கட்டிய பணம் தம்பி கணக்கில் வரவாகிவிட்டது என்று வந்த ஒரு குடும்பத்தில், இணையதளத்தில் எண்ணைப் பதிவு செய்தபோது கடைசித் துண்டை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

எண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை உரிமையாளரின் பெயர், கதவு எண், பயன்பாட்டு வகை, குடியிருப்பு அலகுகளின் எண்ணிக்கை, மீட்டர் உண்டா இல்லையா என்ற குறிப்பு, இணைப்பு குடிநீருக்கா கழிவுநீருக்கா அல்லது இரண்டுக்குமா என்ற விவரம். இவற்றை ஒரு தாளில் ஒரு பக்கம் எழுதி, மறுபக்கத்தில் இன்றைய உண்மை நிலையை எழுதிப் பாருங்கள். பொருந்தாத விவரம் எது என்பது உடனே தெரிந்துவிடும்.

நுகர்வோர் வகைகள்

முதல் வகை வீட்டு உபயோகம். குடியிருப்பதற்கு மட்டும் பயன்படும் தனி வீடு, வரிசை வீடுகள், அடுக்குமாடி வீடுகள் ஆகியவை இதில் அடங்கும். சென்னையின் பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் மீட்டர் கிடையாது. அவற்றுக்கு ஒரு குடியிருப்பு அலகுக்கு மாதம் இவ்வளவு என்ற நிலையான கட்டணம் கணக்கிடப்படுகிறது. இங்கே "அலகு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழே ஒரு குடும்பமும் மாடியில் ஒரு குடும்பமும் தனித்தனிச் சமையலறையோடு வாழ்ந்தால் அது இரண்டு அலகுகள். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு மாடிச் சமையலறையை எடுத்துவிட்டு முழு வீட்டையும் ஒரே குடும்பம் பயன்படுத்தினாலும், பதிவேட்டில் இரண்டு என்றே இருந்தால் இரண்டுக்கான கட்டணம் வந்துகொண்டே இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: புதிதாக மாடி எழுப்பி வாடகைக்கு விட்டவர் அலகைச் சேர்க்காமல் இருந்தால், பிற்பாடு ஆய்வின்போது நிலுவையாகச் சேர்த்துக் கேட்கப்படும்.

இரண்டாவது வகை பகுதி வணிகம். ஒரே கட்டடத்தில் குடியிருப்பும் தொழிலும் சேர்ந்திருப்பது. முன் அறையில் மளிகைக் கடை, பின்னால் வீடு என்று இருக்கும் சென்னைத் தெருக்கள் எத்தனை! தவறான பதிவுகள் அதிகம் நிற்பதும் இந்த வகையில்தான்.

என் அக்காவின் வீட்டையே சொல்கிறேன். பெரம்பூரில் பழைய ஓட்டு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு முன் அறை. அதை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் இரண்டு தையல் எந்திரமும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் வைத்துத் தொழில் செய்தார். தண்ணீர் என்று அவர் பயன்படுத்தியது ஒரு குடமும், இஸ்திரிக்குத் தெளிக்கும் புட்டியும்தான். இருந்தாலும் கடை கடைதான். வீடு பகுதி வணிகமாகப் பதிவானது முறையே. தையல்காரர் ஊருக்குப் போய்விட்டார். முன் அறையில் அக்கா அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் போட்டு வைத்தார். ஷட்டரை எடுத்துச் சுவரெழுப்பிச் சன்னலும் வைத்தாயிற்று. வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான் அந்த அட்டையைத் தற்செயலாகப் பார்த்தபோது ஐந்து அரையாண்டுகள் கடந்திருந்தன. தவறு முழுக்க எங்களுடையது. பயன்பாடு மாறியதை நாங்கள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரிய வழியில்லை. கடை காலியான அன்றே மின் இணைப்பின் வகையை மாற்ற ஓடுகிறவர்கள் தண்ணீர் அட்டையை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது வகை முழு வணிகம். இதற்குள் ஒரு முக்கியமான உட்பிரிவு இருக்கிறது: தண்ணீரை அதிகம் பயன்படுத்தும் தொழில்கள் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு, தனியார் மருத்துவமனை, நீச்சல் குளம், வாகனங்களைக் கழுவும் சர்வீஸ் நிலையம் போன்றவை முதல் பிரிவில் வரும். துணிக்கடை, நகைக்கடை, கணக்காளர் அலுவலகம் போன்றவை இரண்டாவதில். இரண்டுக்கும் கட்டணம் வேறு. ஒரு கடையை வாடகைக்கு விடும் உரிமையாளர் இதை ஒப்பந்தம் எழுதும் முன்பே யோசிக்க வேண்டும். புத்தகக் கடை இருந்த இடத்தில் டிபன் கடை வந்தால் உட்பிரிவு மாறும், கட்டணமும் மாறும், அந்தக் கூடுதல் தொகை யார் பொறுப்பு என்பது வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கங்களில் வீடுகளைப் பெண்கள் விடுதியாகவும் ஆண்கள் விடுதியாகவும் மாற்றுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது வீடுதான். நான்கு அறைகளில் பதினாறு பேர் தங்கி, மாதவாடகை வசூலாகும் இடத்தை வீட்டு உபயோகம் என்று சொல்ல முடியாது என்பதை அதன் உரிமையாளர்களே உணர வேண்டும். ஒரு தெருவுக்கு வரும் தண்ணீர் ஓர் அளவுக்கு உட்பட்டது. கூடுதலாக எடுப்பவர் தன் வகையை மறைத்தால் கடைசி வீட்டில் குழாய் காற்றை ஊதும். இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

நான்காவது வகை நிறுவனங்கள். கல்வி நிலையங்கள், அரசு மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள் முதலியவை இதில் சேரும். மருத்துவமனை என்ற ஒரே பெயர் இருந்தாலும் அரசுடையது நிறுவன வகையிலும் தனியாருடையது வணிக வகையிலும் போவதைக் கவனித்தால், வாரியம் கட்டடத்தின் தோற்றத்தைவிட அங்கே நடக்கும் பணியின் தன்மையையே பார்க்கிறது என்பது விளங்கும்.

இவற்றுக்கு வெளியே, தனி அட்டையே இல்லாமல் தண்ணீர் பெறுகிறவர்கள் நகரத்தில் ஏராளம். தெருக் குழாய், அடி பம்பு, தெருமுனையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஆகியவை இவர்களுக்கானவை. இந்தத் தண்ணீருக்குத் தனிநபர் கட்டணம் இல்லை. இது சலுகை என்று நினைத்து யாரும் குறை சொல்லத் தயங்க வேண்டாம். தெருத் தொட்டியின் மூடி உடைந்தாலும், லாரி வராவிட்டாலும் புகார் கொடுக்கும் உரிமை அட்டை வைத்திருப்பவருக்கு இருப்பதைப் போலவே அவர்களுக்கும் இருக்கிறது.

மீட்டர் உள்ளவர்கள்

மீட்டர் பொருத்திய இணைப்புகளில் அளவின் அலகு கிலோ லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். வீட்டு உபயோகத்துக்கு 10 கிலோ லிட்டர் வரை ஒரு விகிதம், அதற்கு மேல் 15 வரை ஒன்று, 25 வரை ஒன்று, 25க்கு மேல் ஒன்று என்று படிப்படியாக ஏறும். குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்த விலை என்பதே இந்தப் படிக்கட்டின் நோக்கம். வணிக இணைப்புகளுக்கு விகிதமும் படிகளும் வேறு; குறைந்தபட்ச மாதக் கட்டணமும் உண்டு.

மீட்டரைப் படிப்பது கடினமில்லை. பொதுவாகக் கறுப்பு நிற இலக்கங்கள் முழுக் கிலோ லிட்டரையும், சிவப்பு நிற இலக்கங்களும் சிறு முட்களும் அதற்குக் கீழ்ப்பட்ட அளவையும் காட்டும். முகப்பில் சின்னதாக ஒரு நட்சத்திரமோ முக்கோணமோ சுழன்றுகொண்டிருக்கும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, சம்புக்குள் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள்) தண்ணீர் விழும் வால்வையும் அடைத்துவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் டார்ச் விளக்கோடு அந்தச் சுழலியைப் பாருங்கள். அது மெல்ல நகர்ந்தாலும் மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவின் செலவு உங்கள் கணக்கில்தான் சேரும். எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் பல மாதங்களாக உயர்ந்துகொண்டிருந்த தொகைக்குக் காரணம், சம்பின் மிதவை வால்வில் இருந்த ஒரு ரூபாய் நாணய அளவு வாஷர் தேய்ந்திருந்ததுதான். தண்ணீர் சம்பின் விளிம்பைத் தாண்டி, செடிகளுக்கு அடியில் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கழிவுநீர்

கழிவுநீர் இணைப்பு தனிச் சேவை. குடிநீர் இணைப்பு இல்லாமல் கழிவுநீர் இணைப்பு மட்டும் உள்ள வீடுகளும் உண்டு. அவை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். 2011 அக்டோபரில் சுற்றுப்புற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளுமாக 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு இணைந்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்படி இணைந்த இடங்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணி கட்டம் கட்டமாகவே நடந்து வருகிறது. அங்கே இருப்பவர்கள் உங்கள் தெருவில் திட்டம் நிறைவேறியதா, இணைப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டார்களா என்று பணிமனையில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சாக்கடை இணைப்பு இல்லாதவர்கள் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழைத்து லாரி கேட்கலாம். எந்த நிலையிலும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, நச்சுவாயு ஒரு மூச்சில் உயிரை எடுத்துவிடும்.

மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் வாரியத்தின் பொறுப்பு. தெருவில் தண்ணீர் தேங்கும்போது எது நிரம்பியது என்று பார்த்து அழையுங்கள். மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சியின் 1913. கழிவுநீர் மேன்ஹோல் பொங்கினால் வாரியத்தின் 1916 அல்லது 044-4567 4567. வீட்டு மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெருவே நாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லாரித் தண்ணீர்

லாரி என்றால் ஒரே சேவை என்று எண்ணிவிட வேண்டாம். தெருத் தொட்டிகளை நிரப்ப வருவது கட்டணமில்லாத பொது வழங்கல். "டயல் ஃபார் வாட்டர்" முறையில் பதிவு செய்து வரவழைப்பது கட்டணச் சேவை. கட்டணச் சேவையில் மறுபடியும் வீட்டு உபயோகம், வணிக உபயோகம் என்று விலை வேறுபடும். பதிவு செய்யும்போது உங்கள் நுகர்வோர் எண் கேட்கப்படும் என்பதால், அட்டையில் வகை தவறாக இருந்தால் அந்தத் தவறு இங்கேயும் உங்களைத் தொடர்ந்து வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். பதிவு செய்து பல நாள் காத்திருக்க வேண்டியிருந்த அந்த நேரத்தில், எண்ணைக் கையில் வைத்திருந்தவருக்கும் தேடிக்கொண்டிருந்தவருக்கும் இருந்த வேறுபாடு கொஞ்சமில்லை.

லாரிகள் 6,000, 9,000 லிட்டர் என்று பல கொள்ளளவில் இருக்கின்றன. எதைப் பதிவு செய்வது என்பதைச் சம்பை அளந்து முடிவு செய்யுங்கள். சம்பின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3ஆல் பெருக்கினால் ஓர் அடி உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். பத்துக்கு ஆறு அடிச் சம்பில் ஓர் அடிக்குச் சுமார் 1,700 லிட்டர். அதில் 6,000 லிட்டர் இறக்கினால் மட்டம் மூன்றரை அடி உயர வேண்டும். நீளமான ஒரு மூங்கில் குச்சியில் அடி அளவைக் குறித்து வைத்து, லாரி வருமுன் ஒரு முறையும் போன பின் ஒரு முறையும் விட்டுப் பார்ப்பது எங்கள் தெருவில் இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சம்பில் இடம் நான்கு அடிக்குக் குறைவாக இருக்கும்போது 9,000 லிட்டர் பதிவு செய்தால் மிச்சம் தெருவில்தான் ஓடும்.

வாரியத்திடம் போக வேண்டிய வேறு சில வேலைகள்

ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டியது வாரியத்திடம்தான். 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் அதைச் சொல்கிறது. தோண்டும் வண்டிக்காரர் "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். தொழிற்சாலைகளுக்கு முற்றிலும் தனியான ஒரு சேவை இருக்கிறது: கழிவுநீரைச் சுத்திகரித்து விற்பது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள் இரண்டு இயங்குகின்றன. கொடுங்கையூர் நீர் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. வீட்டு நுகர்வோருக்கு இதில் நேரடி வேலை இல்லை. ஆனாலும் தொழிற்சாலை ஒரு லிட்டர் சுத்திகரித்த நீரை எடுக்கும்போது ஏரி நீரில் ஒரு லிட்டர் நமக்கு மிஞ்சுகிறது என்பதால் இந்த வகை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வகையை மாற்றக் கேட்கும் முறை

முதலில் மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவில் பயன்பாடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே "குடியிருப்பு அல்லாதது" என்று இருக்கும்போது வாரியத்தில் "வீட்டு உபயோகம்" கேட்டால் ஆவணங்கள் ஒன்றையொன்று மறுக்கும். ஆகவே சொத்து வரியில் திருத்தம், பிறகு மின் இணைப்பில் திருத்தம், அதன் பின் குடிநீர் என்ற வரிசையில் போவது அலைச்சலைக் குறைக்கும். பெயர் மாற்றத்துக்கும் இதே வரிசைதான்.

விண்ணப்பத்தைப் பகுதி அலுவலகத்துக்கு எழுதுங்கள். நுகர்வோர் எண், முகவரி, இப்போது பதிவில் உள்ள வகை, உண்மையான பயன்பாடு, அது எந்தத் தேதியிலிருந்து மாறியது, ஆய்வுக்கு வரலாம் என்ற சம்மதம் ஆகிய ஆறும் இருந்தால் ஒரு பக்கமே போதும். தேதியை மட்டும் உறுதியாக எழுதுங்கள். "சில மாதங்களாக" என்று எழுதினால் கணக்கை எந்த அரையாண்டிலிருந்து திருத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தேதிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதம், மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது, அறையின் படம் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தின் இரண்டாம் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் அறைகளையும் சமையலறைகளையும் எண்ணுவார், குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பார். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் அன்றைக்கு இருக்க வேண்டும். திருத்தம் நடக்கத் தாமதமானால், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த முத்திரையிட்ட படியோடு போங்கள். முன்பே எழுதிக் கொடுத்ததற்கான அடையாளத்தோடு போகிறவரின் வேலை அங்கே விரைவாக நடக்கிறது.

அக்கா வீட்டுக்கு நாங்கள் செய்ததும் இதுவே. ஷட்டர் இருந்த இடத்தில் எழுப்பிய சுவரின் படத்தையும் மின் கட்டண ரசீதின் நகலையும் வைத்துக் கொடுத்தோம். ஆய்வுக்கு வந்தவர் முன் அறையின் அரிசி மூட்டைகளையும் கட்டிலையும் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போனார். அடுத்த அரையாண்டு ரசீதில் "வீட்டு உபயோகம்" என்று வந்தது. முத்திரையிட்ட அந்தக் கடிதப் படியை அக்கா இன்றும் அட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்.